சூடோ: 15 நிமிஷமா, 5 நிமிஷமா?

வெள்ளவத்தையான்:
லினக்ஸில ஒரு கட்டளையை ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, ஓட்டுற சூடோவைப் பற்றி மேல இருக்கிற பதிவில பின்கதவு தீர்ப்பு எழுதியிருக்கிறார்: "சூடோ ஒருக்கா பாஸ்வேர்ட் கேட்டால் 15 நிமிஷம் திரும்பக் கேக்காது. அப்ப நோபாஸ்வேர்ட் போட்டாலும் ஒண்டுதான்." ஐசே, அந்த 15 நிமிஷம் கட்டளை அடிக்கிற அந்த ஒரு டெர்மினல் ஜன்னலுக்கு மட்டும். பக்கத்தில இன்னொண்டைத் திறந்தால் திரும்பக் கேக்கும். நோபாஸ்வேர்ட் ஆல், அதாவது எந்தக் கட்டளைக்கும் பாஸ்வேர்ட் கேக்காதே எண்டு போட்டால் உம்மட பேரில ஓடுற எந்தக் குப்பை ஸ்கிரிப்டும் கேள்வி இல்லாமல் ரூட்.

கேபிள்ராஜா:
15 இல்லை, 5. மேனுவலைப் படியும்.

வெள்ளவத்தையான்:
சூடோவின்ர மூல நிரலில 5. டெபியன், உபுண்டு எண்ட லினக்ஸ் வகைக்காரர் 15 வைச்சுத்தான் கம்பைல் பண்ணுறாங்கள். "சூடோ சூடோ மைனஸ் கேபிடல் வீ" அடிச்சுப் பாரும், டைம்அவுட் 15.0 எண்டு வரும். 5 வைச்சிருக்கிற உம்மட ஃபெடோரா லினக்ஸை இங்க ஆர் கேட்டது?

கேபிள்ராஜா:
5.

நுளம்புவலை:
நிமிஷத்தை விடுங்கோ அண்ணாமார். பின்கதவு ஆருக்கு என்ன அனுமதி எண்டு எழுதுற சூடோயர்ஸ் ஃபைலை நானோ எண்ட சாதாரண எடிட்டரில திறக்கச் சொல்லியிருக்கிறார், அது கண்ணில படேல்லையோ? அதுக்கெண்டே இருக்கிற விசூடோ எண்டால் சேமிக்க முதல் சிண்டாக்ஸ், அதாவது எழுதின முறை, சரியோ எண்டு பார்க்கும். பிழை எண்டால் "வாட் நவ்" எண்டு நிக்கும். ஈ அடிச்சால் திருத்தலாம், எக்ஸ் அடிச்சால் பழையபடி விட்டிடும். கேபிடல் க்யூ அடிச்சால் பிழையோடயே சேமிக்கும்.

பின்கதவு:
மெயின் ஃபைலை ஏன் தொடவேணும்? சூடோயர்ஸ்.டி ஃபோல்டருக்குள்ள என்.கான்ஃப் எண்டு தனிஃபைல் போட்டால் ஒண்டும் உடையாது.

வெள்ளவத்தையான்:
எப்படி உடையும்? பேரில புள்ளி இருந்தால் சூடோ அந்த ஃபைலை வாசிக்கிறதே இல்லை. மற்றது, விம் எடிட்டருக்கு மட்டும் நோபாஸ்வேர்ட் குடுத்தால் பாதுகாப்பு எண்டீரே, விம்முக்குள்ள இருந்தே ரூட் ஷெல் எடுக்கலாம். சூடோஎடிட் எதுக்கு இருக்கு? அது தற்காலிகப் பிரதியை உம்மட பேரில திறந்து, முடிஞ்சாப்பிறகுதான் மாத்தி வைக்கும்.

கேபிள்ராஜா:
15 எண்டு பெருமையடிக்கிறவர் ஒண்டை மறைக்கிறார். அதே டெர்மினலில ஓட்டுற இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் அவ்வளவு நேரமும் பாஸ்வேர்ட் இல்லாமல் ரூட் எடுக்கும். ஃபெடோராவில 5 தான்.

வெள்ளவத்தையான்:
தெரியாத ஸ்கிரிப்ட் ஓட்ட முதல் "சூடோ மைனஸ் கே" அடிச்சால் அந்தச் சலுகை போச்சு. அந்த நிமிஷக் கணக்கை வைக்கிற டைம்ஸ்டாம்ப் டைம்அவுட்டை 0 ஆக்கினால் ஒவ்வொருக்காலும் கேக்கும். ஃபெடோராவுக்கு இதில என்ன தனி மவுசு? போனமுறை சூடோவுக்குப் பதிலாப் பாவிக்கிற டூஆஸ் பற்றின கதையிலயும் இப்படித்தான் ஃபெடோராவைக் கொண்டுவந்து செருகினீர்.

பின்கதவு:
லாப்டொப் என்ர, ரூட்டும் என்ர. உங்களுக்கு ஏன் நோகுது?

நுளம்புவலை:
லாப்டொப் உம்மடது. அந்தப் பதிவைப் பார்த்து சேர்வரில நோபாஸ்வேர்ட் ஆல் போடப்போற பெடியன் ஆற்றையாம்?

கேபிள்ராஜா:
சேர்வர் எண்டால் டெபியன் ஏன் போடுறீங்கள்?