இலவச ஆன்லைன் வகுப்பு: 43 பேர் சேர்ந்தாங்க, முடியும்போது 9 பேர். எங்கே தப்பு?

சாரல்காத்து (கேள்வி):
எல்லாருக்கும் வணக்கம். தென்காசி பக்கம் நாலு ஊராட்சிகளுக்கு நாங்க மூணு பேர் சேர்ந்து ஜூம்ல இலவச வகுப்பு எடுக்கிறோம். வார்டு உறுப்பினர்கள், மகளிர் குழு அக்காமார், ஊர்ல ஓடியாடி வேலை பார்க்கிற பசங்கதான் வர்றாங்க. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னாடி ஊராட்சி வளர்ச்சித் திட்டம், மத்திய அரசு ஊராட்சிக்குக் குடுக்கிற நிதிக்குழு மானியம் ரெண்டையும் சொல்லிக் குடுத்துரணும்னு எண்ணம்.

முதல் வகுப்பு சாயங்காலம் 5 மணிக்கு. 43 பேர் வந்தாங்க. பத்தாவது நிமிஷம் ஒரே ஊளைச் சத்தம், நான் பேசுறது எனக்கே திரும்பக் கேக்குது. அப்புறம் ஒவ்வொருத்தரா காணாமப் போனாங்க. 40 நிமிஷத்துல ஜூமே கட் ஆயிட்டு. அப்போ 9 பேர்தான் மிச்சம். சிக்னல்தான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. காசு குடுத்து ஜூம் வாங்கினா சரியாகுமா?

கம்பிவடம்:
காசு குடுக்காதீங்க. அந்த 40 நிமிஷம் இலவசக் கணக்கோட வரம்பு. வகுப்பை 35 நிமிஷத்துல முடிச்சிருங்க. கூகுள் மீட்ல இலவசமாவே 60 நிமிஷம் கிடைக்கும், ஆனா நீளமான வகுப்பு யாருக்கு வேணும்?

ரெண்டு கேள்வி. ஒரே இடத்துல உக்காந்து பல பேர் தனித்தனி போன்ல சேர்ந்தாங்களா? காத்திருப்பு அறையை (நீங்க அனுமதிக்கிற வரைக்கும் ஆளை வெளியே நிறுத்துற செட்டிங், வெயிட்டிங் ரூம்) ஆன்ல வச்சிருந்தீங்களா?

சாரல்காத்து:
ஆமா, ஒரு ஊராட்சி ஆபீஸ்ல மட்டும் ஆறு பேர் ஆறு போனோட. காத்திருப்பு அறை ஆன்லதான் இருந்துச்சு, கண்டவங்க வந்துரக் கூடாதுன்னு.

கம்பிவடம்:
ரெண்டும்தான் வில்லங்கம்.

ஒரு போன் ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் பக்கத்து போன் மைக்ல ஏறும், அது மறுபடி ஸ்பீக்கர்ல வரும். அதான் ஊளை. மைக்கை மட்டும் மூடச் சொன்னா பாதிதான் சரியாகும், ஏன்னா மூடாத ஒரு மைக் போதும், அஞ்சு ஸ்பீக்கர் சத்தத்தையும் இழுத்துக்கும். ஓர் அறைக்கு ஒரு போன், மத்தவங்க வகுப்பை விட்டே வெளியேறணும். ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருந்தா ஆறு பேர் என்ன, இருபது பேர் கேக்கலாம். சேரும்போதே மைக் மூடியிருக்கிற மாதிரி செட்டிங்கும் இருக்கு, அதைப் போட்டு வைங்க.

அடுத்தது, சிக்னல் போய் வகுப்பை விட்டு வெளியேறி, திரும்பச் சேர்றவங்க நேரா உள்ளே வர மாட்டாங்க. காத்திருப்பு அறையில நிப்பாங்க. நீங்க திரையைக் காட்டிக்கிட்டுப் பேசும்போது அந்த அறிவிப்பு கண்ணுலயே படாது. ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு 'வாத்தியார் கதவைச் சாத்திட்டார்'னு போயிருப்பாங்க. ஆக, சிக்னல் தொடக்கி வச்சது, ஆளை வெளியே நிறுத்தினது உங்க செட்டிங். அதை ஆஃப் பண்ணுங்க.

சுளகும்நூலும்:
நான் வார்டு உறுப்பினர், பீடியும் சுத்துறேன். அஞ்சு மணி வகுப்புன்னா எங்க பக்கம் ஆளு வராது தம்பி. பீடியை எண்ணிக் கட்டி கடையில ஒப்படைக்கிற நேரம் அது. மடியில சுளகு, ரெண்டு கையும் இலையில இருக்கும். நாங்க கேப்போம், பார்க்க முடியாது. நீங்க திரையில பெட்டி பெட்டியா எதையோ காட்டி 'இதைப் பாருங்க'ன்னா நான் எதைப் பார்க்க? பத்து நிமிஷ ஆடியோவா வாட்ஸப்ல போடுங்க. சுத்திக்கிட்டே ரெண்டு தடவை கேட்டுருவோம்.

இன்னொண்ணு. பெண் உறுப்பினர் பேர்ல அவங்க வீட்டுக்காரர் உக்காந்திருந்தா வகுப்பைத் தொடங்காதீங்க. 50 சதவீத இடம் எங்களுக்கு ஒதுக்கினது அவர் ஜூம்ல உக்காரவா?

குளத்தங்கரை:
அக்கா சொன்னதுதான் சரி. நானும் வேற மாவட்டத்துல இப்படி நடத்திப் பட்டவன். நிதிக்குழு மானியம்னு ஆரம்பிச்சு பொதுவாப் பேசினா கொட்டாவிதான் வரும். அவங்க ஊர்க் கணக்கைக் காட்டுங்க. மத்திய அரசோட இ-கிராம்ஸ்வராஜ் தளத்துல ஆண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம்னு தேர்ந்தெடுத்தா உங்க ஊராட்சித் திட்டம் வரும், பாக்க லாகின் வேண்டாம். முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இங்கிலீஷ்ல இருக்கிறதுக்குப் பக்கத்துல தமிழ்ல எழுதி குரூப்ல போட்டிருங்க.

15ஆவது நிதிக்குழு மானியத்துல (2021-26) 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சொன்ன வேலைக்கு மட்டும்தான் செலவு பண்ணணும்னு இருந்துச்சு. அதுல பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மிச்ச 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்குச் செலவு பண்ணலாம், சம்பளம், நிர்வாகச் செலவுக்கு மட்டும் கூடாதுன்னு இருந்துச்சு. இதை நான் வாயால சொன்னப்ப ஒருத்தரும் அசையல. 'நம்ம ஊர்ல எந்தத் தெருக் குழாய்க்கு எவ்வளவுன்னு இதுல போட்டிருக்கு'ன்னு காட்டினதும் ஒரு பாட்டி, 'அந்தத் தெருவுல குழாயே இல்லியே'ன்னாங்க. அன்னைக்கு வகுப்பு அதோட நின்னுபோச்சு. நல்லதுதான்.

சாரல்காத்து (பத்து நாள் கழிச்சு):
நன்றி அண்ணாச்சி, நன்றி அக்கா. காத்திருப்பு அறையை எடுத்துட்டேன். ஊராட்சிக்கு ஒரு போன், ஒரு ஸ்பீக்கர். ராத்திரி எட்டரைக்கு 35 நிமிஷம். நாலு போன்தான் சேர்ந்துச்சு, ஆனா நாலு அறையிலயும் சேர்த்து 51 பேர், கடைசி வரைக்கும் இருந்தாங்க. ஊளை இல்ல. ஆடியோவும் போட்டேன், வகுப்பை விட அதுக்குத்தான் மறுகேள்வி நிறைய.

வீட்டுக்காரர் விஷயம் மட்டும் இன்னும் தீரல. 'அவளுக்கு விவரம் தெரியாது தம்பி'ன்னு ஒருத்தர் ஸ்பீக்கரை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கிறார். முகத்துல அடிச்ச மாதிரி சொல்லாம எப்படி எழுப்புறது?

சுளகும்நூலும்:
பேரைச் சொல்லி உறுப்பினரை மட்டும் கேள்வி கேளு. அவர் பதில் சொன்னா, 'அண்ணாச்சி, உங்க வார்டு எது?'ன்னு கேளு.