மறு: கன்சிஸ்ட் – தமிழில் என்ன சொல்லலாம்? வியாழனுக்குள் தேவை

மாட்டுங்கா டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ரயில் ஓட்டிக் காட்டுகிறார்கள். மேசை மேல், மும்பை–புணே வழியில் உள்ள போர் காட் (Bhor Ghat) மலைப்பாதை. விளக்கப் பலகை வியாழன் இரவு அச்சுக்குப் போக வேண்டும். மற்ற சொற்கள் ஆகிவிட்டன. இரண்டு மூன்று எஞ்சின்களைச் சேர்த்து ஒரே கருவியால் ஓட்டுவதை ஆங்கிலத்தில் கன்சிஸ்ட் என்கிறார்கள்; அதற்கு மட்டும் சொல் இல்லை. 'இணைப்பு' என்று போட்டேன். பெட்டிக்குப் பெட்டி மாட்டும் கொக்கிக்கும் அதையே போட்டிருப்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

செம்பூர்:

டீச்சர், 'பிணையல்' இருக்க வேறு சொல் எதற்கு? களத்தில் கதிர் மிதிக்க மாடுகளை வரிசையாகக் கட்டி ஓட்டுவதைப் பிணையல் என்றுதானே சொல்வோம். பிணை என்னும் பகுதியோடு அல் விகுதி சேர்ந்த தொழிற்பெயர். நன்னூல் ஒப்பும் விகுதி. ஆகுபெயராகி அந்த மாட்டு வரிசையையும் குறிக்கும். மாடு என்றதும் புறநானூறு 102 நினைவுக்கு வருகிறது. 'எருதே இளைய, நுகம் உணராவே' என்கிறார் ஔவையார். பாரம் ஏற்றிய வண்டி, மேடும் பள்ளமுமான வழி, நுகம் பழகாத மாடுகள். உங்கள் மலைப்பாதைக்கே பாடியது போல இல்லையா? கையோடு 'எஞ்சின்' என்பதையும் 'இழுபொறி' ஆக்கிவிடலாம்.

முலுண்ட்:

ஐயா, பாம்புப் பிணையல் என்றும் சொல்வார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலகையைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள். போதாததற்குச் செய்தித்தாளில் பிணை என்றால் ஜாமீன்; பிணைக்கைதி வேறு. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு 'ஜோடி எஞ்சின்' சட்டென்று புரியும். மராத்தியிலும் இந்தியிலும் அதே சொல்தான்.

செம்பூர்:

மூன்று எஞ்சின் போட்டால்? ஒன்றரை ஜோடியா?

கல்யாண், ஓய்வுபெற்ற லோகோ பைலட்:

நடுவே ஒரு வார்த்தை. எல்லாரும் கட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பாதை 1863இல் திறந்தது. 37 அடிக்கு 1 அடி ஏற்றம். கர்ஜத்தில் பின்னால் பேங்கர், அதாவது தள்ளும் எஞ்சின், மாட்டி லோனாவ்லா வரை தள்ளுவோம். முன் எஞ்சினுக்கு ஒரு டிரைவர், பேங்கருக்குத் தனி டிரைவர். ஒரே வண்டியில் மாட்டியிருந்தாலும் அவரவர் எஞ்சினை அவரவர்தான் ஓட்ட வேண்டும். முன்னால் இரண்டு டீசல் எஞ்சினை எம்.யூ. (மல்டிபிள் யூனிட்) போட்டால் கதை வேறு. நடுவே கட்டளையைக் கடத்தும் ஜம்பர் கேபிள் போகும். ஒரு கேபினில் உட்கார்ந்து ஒருவரே இரண்டையும் ஓட்டலாம். கொக்கி இரண்டு இடத்திலும் உண்டு. கைப்பிடி யாரிடம் என்று பாருங்கள்.

தாணே, மாதிரி ரயில்காரர்:

அண்ணன் சொன்னது எங்களுக்கு இன்னும் பொருந்தும். டி.சி.சி. என்னும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் ஒவ்வொரு மாதிரி எஞ்சினுக்கும் தனி முகவரி எண். எஞ்சினுக்குள் இருக்கும் சி.வி. என்னும் அமைப்பு எண்களில் 19ஆவதில், 1 முதல் 127க்குள் பொதுவாக ஓர் எண்ணை எழுதினால் எல்லாம் அந்த எண்ணுக்கு வரும் கட்டளைப்படி ஓடும். அந்த எண் 25 என்று வையுங்கள். முகம் திரும்பி நிற்கும் எஞ்சினுக்கு 128 கூட்டி 153 என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். இருபது பெட்டி தள்ளிக் கடைசியில் நிற்கும் பேங்கருக்கும் அதே எண்ணைக் கொடுக்கலாம். முன் எஞ்சினும் அதுவும் தொட்டுக்கொள்வதே இல்லை. இதையா பிணையல் என்பீர்கள்?

வேகம் ஒத்துப்போகாவிட்டால் வம்புதான். பேங்கர் வேகமாகத் தள்ளினால் வளைவில் பெட்டிகள் வெளிப்பக்கம் பிதுங்கித் தடம் புரளும். முன் எஞ்சின் வேகமாக இழுத்தால் உள்பக்கம் சாயும். இதற்காகவே வேகத்துக்கான சி.வி. 2, 5, 6 என்று ஒவ்வொரு எஞ்சினாக உட்கார்ந்து திருகுகிறோம். என் பரிந்துரை 'ஒருகோல்'. மாடு எத்தனை ஆனாலும் ஓட்டுகிற தாற்றுக்கோல் ஒன்றுதானே.

செம்பூர்:

தாற்றுக்கோலை நினைவில் வைத்திருக்கிறீர்களே, மகிழ்ச்சி. தாறு + கோல். ஆறு + நீர் ஆற்றுநீர் ஆவது போலத்தான். ஆனால் 'ஒருகோல்' என்றால் யாருக்கும் செங்கோல்தான் தோன்றும். தவிர, சொல்லோடு வினை சேர வேண்டும். பிணையலைப் பூட்டலாம், அவிழ்க்கலாம். கருவியில் பொத்தானுக்கே 'பிணையல் அவிழ்' என்று பெயர் போடலாம். ஒருகோலை என்ன செய்வீர்கள், முறிப்பீர்களா?

தாணே:

முறிக்க வேண்டாம், கீழே வைத்தால் போதும். நான் மாறுவதாக இல்லை.

மாட்டுங்கா டீச்சர்:

வியாழன் இரவு மணி பத்தரை. அச்சகத்தார் மறுபடியும் கூப்பிட்டுவிட்டார். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் பிணையலுக்குத்தான் ஆதரவு அதிகம். பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் கை தூக்கியது போலத் தெரிகிறது, பரவாயில்லை. தலைப்பில் 'பிணையல்', அடியில் 'ஒரே கட்டளைக்கு ஓடும் எஞ்சின்கள்' என்று ஒரு வரி. எஞ்சின் எஞ்சினாகவே இருக்கட்டும், ஐயா கோபிக்கக் கூடாது.

முலுண்ட்:

என் ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் ஞாயிறன்றும் கன்சிஸ்ட் என்றுதான் சொல்வார்கள்.

கல்யாண்:

சரி, பேங்கருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? பலகையில் அதுவும் வருகிறதே.

செம்பூர்:

'உந்தி'.

முலுண்ட்:

ஐயா, உந்தி என்றால் கொப்பூழ்.

செம்பூர்:

ஆறு என்றும் பொருள் உண்டு, தம்பி. உந்து என்னும் வினையோடு இகர விகுதி சேர்ந்தால் உந்துவது எதுவோ அது உந்தி. விரிவாக நாளை எழுதுகிறேன்.