பொக்காரா – ஜோம்சோம்: 70 கிலோமீட்டருக்கு ஒரு நாள் சும்மா விடணுமா?

ஸ்ரீரங்கத்தான்:
அப்பா அம்மாவை அக்டோபரில் நேபாளத்து முக்திநாத் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன், இருவருக்கும் எழுபதுக்கு மேல். பொக்காராவிலிருந்து, கோயிலுக்குக் கீழே விமானம் இறங்கும் ஊரான ஜோம்சோம் நேர்கோட்டில் சுமார் 70 கி.மீ., விமானத்தில் இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறது. டிராவல்ஸ்காரர் என்னடாவென்றால் அதற்காக ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். ஹோட்டல் காசுக்காகவா, நிஜமாகவே தேவையா?

மலைக்காற்று:
தேவைதான் சார். மேப்பில் இரண்டு ஊருக்கும் கோடு போட்டுப் பாருங்கள், 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணா சிகரத்தை உரசிக்கொண்டு போகும். அங்கே ஓடுவதோ ட்வின் ஓட்டர் மாதிரி 19 சீட் விமானம், அவ்வளவு உயரம் ஏறவே ஏறாது. அதனால் மேற்கே சுற்றி, அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவே கண்டகி பள்ளத்தாக்குக்குள் புகுந்து போவார்கள். சுற்றினாலும் 20, 25 நிமிடம்தான், தூரம் ஒரு விஷயமே இல்லை. விமானி மலையைக் கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய பாதை அது, பொக்காராவில் வெயில் அடித்தாலும் வழியில் மேகம் அடைத்திருந்தால் கிளம்பாது. அதோடு முற்பகலிலேயே பள்ளத்தாக்கில் தெற்கேயிருந்து பலமாகக் காற்று கிளம்பிவிடும், அப்புறம் ஜோம்சோமில் இறங்குவது ஆபத்து. காலையில் போகவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். 2022 மே 29-ல் இதே பாதையில் விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்தார்கள், அதனால் ரத்து என்றால் கவுன்டரில் சண்டை போடாதீர்கள்.

ஸ்ரீரங்கத்தான்:
நன்றி சார். அப்படியானால் பேசாமல் ஜீப்பில் போய்விடலாமா?

நடைபயணி:
பெனி வழியாக 150 கி.மீ.க்கு மேல், எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும், மேலே போகப் போகக் குலுக்கல். வயதானவர்களுக்கு இடுப்பு போய்விடும். ஆனால் ஒரு நல்லது உண்டு. பொக்காரா 800 மீட்டர், ஜோம்சோம் 2,700, முக்திநாத் 3,700 சொச்சம், இதை ஒரே காலையில் ஏறினால் தலைவலி, மூச்சு வாங்கல் வரலாம். என்னைக் கேட்டால் ஏறும்போது ஜீப், நடுவில் தாதோபானியில் ஒரு ராத்திரி, இறங்கும்போது விமானம். இறங்கும் விமானம் ரத்தானால் அன்றே ஜீப் பிடித்துவிடலாம், அதற்காகத்தான் அந்தக் கூடுதல் நாள். கிளம்புவதற்கு முன் இருவரையும் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். முக்திநாத் கோயிலில் குளிக்கிற 108 நீர்த்தாரையில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், திவ்யதேசம் என்று அப்பா அத்தனையிலும் தலையை நீட்டுவார், தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று முன்பே சொல்லி வையுங்கள்.

மலைக்காற்று:
திரும்பும்போது விமானத்தில் வலது பக்கம் சீட் கிடைத்தால் தவளகிரி தெரியும், இடது பக்கம் என்றால் நீலகிரி.