தங்கச்சிய மிலானுக்கு அனுப்பலாமா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்
வணக்கம் நண்பர்களே. என் தங்கச்சி கோயம்புத்தூர்ல இன்டீரியர் டிசைன் மூணாவது வருஷம் படிக்கிறா. ஏப்ரல்ல இத்தாலியில இருக்குற மிலான்ல நடக்குற சலோனே தெல் மொபிலே பர்னிச்சர் கண்காட்சிக்கு (1961ல இருந்து நடக்குது) போகணும்னு ரொம்ப ஆசப்படுறா, அதுலயும் 35 வயசுக்குள்ள இருக்குற டிசைனர்களுக்குன்னே சலோனே சாட்டலீத்தேன்னு தனி பகுதி இருக்காம், அத கட்டாயம் பாக்கணுமாம்.

முதல்ல எனக்கு இது வெட்டிச் செலவுன்னுதான் தோணுச்சு. அப்புறம் அவ ஆர்கோன்னு தரையில நிக்குற ஒரு லைட் பத்தி சொன்னா, இத்தாலி டிசைனர்கள் காஸ்டில்யோனி சகோதரர்கள் 1962ல செஞ்சது, அடியில இருக்குற மார்பிள் கல்லுல ஒரு ஓட்டை இருக்கும், ஏன்னா அதுல துடைப்பக்கட்டைய விட்டு ரெண்டு பேரா தூக்கி நகத்தலாம். இத போட்டோல எத்தன தடவ பாத்திருப்பா, ஆனா அந்த ஓட்டை எதுக்குன்னு கேக்கவே தோணலையாம். நேர்ல பாத்து தொட்டாதான் கேள்வியே வரும்ணான்னு சொன்னப்போ என்னால மறுக்க முடியல.

அப்பா வேற பக்கத்துல கொழும்பு போனா இலங்கை ஆர்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவோட வீடு, பெந்தோட்டை பக்கம் லுனுகங்கா தோட்டம் எல்லாம் கம்மி செலவுல பாக்கலாமேங்குறார், நம்ம வெயிலுக்கும் மழைக்கும் அவரோட டிசைன்தான் பொருத்தம்னு எனக்கும் தோணுது.

எத முதல்ல பாக்கலாம்? மிலான்ல ஒரு வாரம் தங்க எவ்ளோ ஆகும், ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி போக வாங்குற ஐரோப்பா விசா) ஸ்டூடண்ட் என்னென்ன பேப்பர் வைக்கணும்? தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க.