மிருதங்கம், பாட்டு, வயலின்: வீட்டுப் பதிவுக்கு எந்த மிக்ஸர்?

கும்பகோணத்தில் மாடி அறையில் பதிவு செய்கிறேன். மிருதங்கத்துக்கு இரண்டு மைக், பாட்டுக்கும் வயலினுக்கும் ஒவ்வொன்று. பழைய மிக்ஸரில் ஃபேடரை (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியை) தொட்டாலே கரகரப்பு. போன வாரம் அக்கா பாடிய காம்போதி ஆலாபனை அதில் பாழாகிவிட்டது. இன்னும் மனம் ஆறவில்லை. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ மிக்ஸர் வாங்கலாமா?

மறுமொழி 1:
உறுதியான பெட்டி. மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் நான்கு, கன்டென்சர் மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பாண்டம் பவரும் உண்டு. ஆனால் எல்லா மைக்கின் ஒலியும் கலந்து யுஎஸ்பி வழியே கணினிக்குப் போவது இடது, வலது என இரண்டே தடங்கள். மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) தூக்கலாக விழுந்துவிட்டால் பிறகு அதை மட்டும் குறைக்க முடியாது. கச்சேரி மேடைக்கு வாங்குங்கள் என்பேன்; பதிவுக்கு வேண்டாம்.

மறுமொழி 2:
தனித்தனித் தடம் வேண்டுமென்றால் சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே மிக்ஸர். 14 தடங்கள் கணினிக்குப் போகும். நான்கு மைக் மட்டும்தான் என்றால் நான்கு ப்ரீஆம்ப் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸே (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) போதும், பணமும் மிச்சம். பழையதை எறிந்துவிடாதீர்கள். கரகரப்புக்குப் பெரும்பாலும் தூசிதான் காரணம். ஃபேடருக்கென்றே விற்கும் கிளீனரை அடித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. இரண்டு தடம் என்பது எனக்குத் தெரியாது, நல்லவேளை கேட்டேன். இன்டர்ஃபேஸ் வாங்குகிறேன். அக்காவிடம் காம்போதியை மறுபடி பாடச் சொல்லியிருக்கிறேன்.