டுபுவாவா, ஜாய்ஸா: கார்த்திகைக்கு முந்தின இரவில் எங்கள் வீட்டுக் குழு

எங்கள் வாட்ஸ்அப் குழுவின் பெயர் 'வெலிங்டன் வீடு'. நீலகிரி வெலிங்டனில் உள்ள அந்த வீட்டில் இப்போது பெரியப்பா மட்டும்தான் இருக்கிறார். மற்றவர்கள் குன்னூர், கோத்தகிரி, அருவங்காடு, லண்டன் என்று சிதறிவிட்டோம். பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர், இளவயதில் குத்துச்சண்டை போட்டவர். டுபுவா, ஜாய்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர்கள் மோதியபோது, 2020 கார்த்திகை தீபத்துக்கு முந்தின மாலை தொடங்கி மறுநாள் காலை வரை ஓடிய பேச்சு இது. நடுவில் வந்த காலை வணக்கப் பூக்களையும் கபசுரக் குடிநீர் ஃபார்வர்டுகளையும் எடுத்துவிட்டேன்.

நவம்பர் 28, சனி மாலை

குட்டி: இன்று இரவு யாரும் தூங்கக் கூடாது. டுபுவா - ஜாய்ஸ். நம் நேரம் அதிகாலை 3.30 வாக்கில்.

அத்தை: நாளைக்குக் கார்த்திகை. விடிந்ததும் அகல் கழுவ ஆள் வேண்டும். இதில் என்னடா சண்டை?

அத்தான்: அம்மா, லண்டனில் ஹெவிவெயிட் குத்துச்சண்டை. இரண்டு பேரும் இதுவரை தோற்றதே இல்லை.

அத்தை: டைசன் மறுபடி வருகிறார் என்று டிவியில் சொன்னார்களே, அதுவா?

குட்டி: அது அமெரிக்காவில், அத்தை. நமக்கு நாளைக் காலை. டைசனுக்கு 54 வயது, ராய் ஜோன்ஸுக்கு 51. ரவுண்டுக்கு இரண்டே நிமிடம்.

அத்தை: 54-ல் உன் மாமாவுக்கு சிம்ஸ் பார்க் ஏற்றம் ஏறவே மூச்சு வாங்கியது.

பெரியப்பா: அது பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற வேலை. யாரும் பார்க்க வேண்டாம். டுபுவா - ஜாய்ஸ்தான் சண்டை.

அத்தை: ஜாய்ஸ் பெண் பெயர் ஆயிற்றே, அண்ணா.

அக்கா (லண்டன்): குடும்பப் பெயர், அத்தை. ஜோ ஜாய்ஸ். ஆறரை அடி ஆள். ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவர். டுபுவாவின் தங்கை கரோலினும் குத்துச்சண்டைதான். 2018 இளையோர் ஒலிம்பிக்கில் தங்கம்.

அத்தை: அந்தப் பெண் சண்டை போட்டால் சொல்லு, பார்க்கிறேன்.

குட்டி: சரி, என் கணிப்பு. டுபுவா, நான்கு ரவுண்டுக்குள். 15 சண்டை, 15 வெற்றி, 14 நாக் அவுட். வயது 23. டெட்டேயை முதல் ரவுண்டில் முடித்தார், ஃபுஜிமோட்டோவை இரண்டாவதில். ஜாய்ஸுக்கு 35. தாத்தா.

பெரியப்பா: 35 தாத்தாவா? அப்படியானால் நான் யாரடா?

குட்டி: நீங்கள் பெரியப்பா.

அத்தான்: எனக்கும் டுபுவாதான். ஆனால் நான்கில் இல்லை, ஆறு ஏழு ஆகும். ஜாய்ஸ் மெதுவாக அசைகிறவர், தலையை நகர்த்துவதே இல்லை. டுபுவாவின் வலது கைக்கு அது திறந்த வீடு. பந்தயக்காரர்களும் டுபுவா பக்கம்தான் நிற்கிறார்கள்.

பெரியப்பா: பந்தயக்காரன் வயதைப் பார்ப்பான், நாக் அவுட் கணக்கைப் பார்ப்பான். யாரோடு மோதினான் என்று பார்க்க மாட்டான். டுபுவாவைப் பத்து ரவுண்டு நிற்க வைத்தவர் ஒருவர்தான், கெவின் ஜான்சன். அவரை டுபுவாவால் படுக்க வைக்க முடியவில்லை. ஜாய்ஸ் 2013-ல் ஒலிம்பிக் சாம்பியன் உசிக்கோடு ஐந்து ரவுண்டு நின்றவர். தோற்றார், ஆனால் நின்றார். ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. இறுதியில் பிரான்ஸின் டோனி யோகாவிடம் தோற்றதும் நடுவர்களின் பிரிந்த தீர்ப்பில்தான்.

குட்டி: அமெச்சூரில் மூன்று ரவுண்டு, பெரியப்பா. இது பன்னிரண்டு.

பெரியப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன். போன வருடம் ஜூலையில் லண்டன் ஓ2 அரங்கில் ஒரே இரவில் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். டுபுவா கோர்மனை ஐந்தாவது ரவுண்டில் முடித்துவிட்டுக் குளிக்கப் போனார். ஜாய்ஸ் பிரையன்ட் ஜென்னிங்ஸோடு பன்னிரண்டு ரவுண்டும் போட்டு ஜெயித்தார். அன்றைக்கு எல்லோரும் டுபுவாவுக்குத்தான் கை தட்டினீர்கள். நான் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது ரவுண்டிலும் அந்த இடது கை நீண்டுகொண்டே இருந்தது.

அத்தான்: மாமா, அந்த ஜாப்பில், அந்த நேர் இடது குத்தில், வேகமே இல்லையே.

பெரியப்பா: வேகம் இல்லை. உலக்கைக்கு என்ன வேகம்? விழுந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப விழும். என் கணிப்பு, ஜாய்ஸ். எட்டாவது ரவுண்டுக்கு மேல்.

சித்தப்பா: இப்போதுதான் தேயிலை எடை போட்டுவிட்டு வந்தேன். என்ன ஓடுகிறது?

குட்டி: அப்பா, நீங்கள் யார் பக்கம்?

சித்தப்பா: தோற்காத பயல் என்றால் இன்னும் யாரும் சரியாகக் கேள்வி கேட்கவில்லை என்று அர்த்தம். கொழுந்தைப் பார்த்து விலை சொல்லாதே, தூளைப் பார்த்துச் சொல். நான் அண்ணன் பக்கம்.

குட்டி: ஜாய்ஸும் தோற்கவில்லையே! 11 சண்டை, 11 வெற்றி.

சித்தப்பா: அவர் முற்றின இலை. அவரைப் பற்றி ஏற்கெனவே தெரியும்.

அத்தான்: சின்ன மாமா, முற்றின இலைக்கு ஃபேக்டரியில் விலையே கிடையாது என்று நீங்கள்தான் புலம்புவீர்கள்.

சித்தப்பா: அது வேறு.

குட்டி: பெரியப்பா, பந்தயம். டுபுவா ஜெயித்தால் உங்கள் பழைய யெஸ்டி பைக் எனக்கு.

பெரியப்பா: ஜாய்ஸ் ஜெயித்தால் நீ நாளைக் காலை இங்கே வந்து ஓட்டின் மேல் ஏறி, தண்ணீர்க் குழாயில் அடைத்திருக்கும் கற்பூர மரத்து இலையெல்லாம் வழிக்க வேண்டும். இரண்டு கிலோ வர்க்கியும் வேண்டும். சூடாக.

குட்டி: சரி. வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!

பெரியப்பா: மெட்ராஸ் ரெஜிமென்ட் முழக்கத்தை இதற்கெல்லாம் போடாதே.

அத்தை: கூரை ஏறுவதெல்லாம் இருக்கட்டும். அண்ணா, இந்த வருடமாவது அகலுக்கு எண்ணெய் நீங்கள் ஊற்ற வேண்டாம். போன வருடம் அகலில் பாதி, திண்ணையில் பாதி. மறுநாள் திண்ணையெல்லாம் கரடி நக்கிய தடம்.

சித்தப்பா: எங்கள் பக்கம் கோயில் கதவையே உடைத்து விளக்கெண்ணெய் குடித்துவிட்டுப் போகிறது. திண்ணையில் ஊற்றி வைத்தால் விடுமா.

பெரியப்பா: கை நடுக்கம்.

அத்தை: உங்களுக்கா? ஷேவிங் இன்னும் கத்தியில்தான் செய்கிறீர்கள்.

(இதற்குப் பெரியப்பா பதில் போடவில்லை. அப்போது நானும் கவனிக்கவில்லை.)

அக்கா (லண்டன்): இங்கே ஊரடங்கு. சண்டை வெஸ்ட்மின்ஸ்டரில் சர்ச் ஹவுஸில், பார்வையாளர் இல்லாமல். ஏப்ரலில் ஓ2-வில் நடக்க வேண்டியது, தள்ளித் தள்ளி இப்போது. எனக்கு நாளை டியூட்டி இல்லை. டிவியில் பார்த்து ரவுண்டு ரவுண்டாகப் போடுகிறேன்.

நான்: மூன்றரைக்கு எனக்குக் குளிரும். காலையில் படித்துக்கொள்கிறேன்.

(தூங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கம்பளிக்குள் போனைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.)

நவம்பர் 29, அதிகாலை

குட்டி: வீட்டில் சிக்னல் இல்லை. தோட்டத்து மேட்டுக்கு வந்திருக்கிறேன். பனியில் ஒன்றும் தெரியவில்லை.

சித்தப்பா: டேய், டார்ச் எடுத்தாயா? காட்டெருமை நிற்கும்.

குட்டி: ஏதோ பெரியதாக மூச்சு விடுகிறது. பாறை என்று நினைத்துக்கொள்கிறேன்.

சித்தப்பா: பாறை மூச்சு விடாது. உள்ளே வா.

அக்கா (லண்டன்): மணி அடித்துவிட்டது. ஆளே இல்லாத மண்டபம், குத்து விழுகிற சத்தம் அப்படியே கேட்கிறது. முதல் ரவுண்டு சமம்.

அக்கா (லண்டன்): டுபுவாவின் வலது கை இரண்டு முறை நேராக விழுந்தது. ஜாய்ஸ் யாரோ தோளைத் தட்டியது போல நிற்கிறார்.

அத்தான்: நான் சொன்னேனே, தலையை நகர்த்த மாட்டார்.

பெரியப்பா: நகர்த்த வேண்டிய அவசியம் இல்லை போலிருக்கிறது. டுபுவாவின் கண் எப்படி இருக்கிறது?

அக்கா (லண்டன்): இடது கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம். ஏன், அப்பா?

பெரியப்பா: அதையே பார்த்துக்கொண்டிரு.

குட்டி: நான்காவது முடிந்துவிட்டதா? இங்கே படம் நின்று நின்று வருகிறது.

அத்தான்: முடிந்தது. உன் கணிப்பும் முடிந்தது.

குட்டி: ஐந்தில் முடிப்பார். வலது கை பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

அக்கா (லண்டன்): டுபுவா நன்றாகத்தான் அடிக்கிறார். ஆனால் அவர் ஒன்று அடித்தால் இவருடைய ஜாப் மூன்று வருகிறது. எல்லாம் அந்தக் கண்ணில்.

பெரியப்பா: அடிக்க வருவதற்கு முன்பே கழுத்தைத் திருப்புகிறானா?

அக்கா (லண்டன்): ஆமாம். முகத்தைக் கொஞ்சம் வலது பக்கமாக வைத்துக்கொள்கிறார்.

பெரியப்பா: இனி அதிக நேரம் இல்லை.

அத்தான்: மாமா, புள்ளிக் கணக்கில் இன்னும் நெருக்கம்தான். எனக்கு டுபுவா ஒரு ரவுண்டு முன்னால் இருக்கிறார்.

பெரியப்பா: கணக்கு உன் பக்கம் இருக்கட்டும். கண் இல்லாதவனுக்குக் கணக்கு எதற்கு?

அக்கா (லண்டன்): எட்டு முடிந்தது. கண் மூடிவிட்டது.

அக்கா (லண்டன்): ஒன்பது.

அக்கா (லண்டன்): முடிந்தது! பத்தாவது ரவுண்டு. ஒரு ஜாப்தான். கண்ணில் பட்டது, திரும்பினார், ஒரு முழங்காலில் உட்கார்ந்தார். நடுவர் பத்து எண்ணும் வரை எழவில்லை. ஜாய்ஸ். பிரிட்டிஷ், காமன்வெல்த், ஐரோப்பியப் பட்டம் மூன்றும் அவருக்கு.

சித்தப்பா: எட்டுக்கு மேல் என்று அண்ணன் நேற்றே சொன்னார்!

அத்தான்: நம்பவே முடியவில்லை.

குட்டி: டுபுவா இப்போது பொளந்து கட்டுகிறார் பாருங்கள்!!! இதோ முடியப் போகிறது!

அத்தான்: குட்டி, முடிந்து ஐந்து நிமிடம் ஆகிறது.

குட்டி: என்ன? எனக்கு எட்டாவதுதான் ஓடுகிறது.

சித்தப்பா: வர்க்கிக்கு எண்ணெய்க் காகிதம் எடுத்துக்கொள். முதலில் அந்தப் பாறையை விட்டுத் தள்ளி வா.

காலை

குட்டி: இப்போதுதான் முழுவதும் பார்த்தேன். கோபமாக வருகிறது. விழவே இல்லை. தானாக உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கலாம், எழவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டார்.

அத்தான்: இங்கிலாந்தில் முன்னாள் வீரர்கள் சிலரே அப்படித்தான் பேசுகிறார்கள். உயிரே போனாலும் கேடயத்தின் மேல் தூக்கிக்கொண்டு போகும் வரை நிற்க வேண்டுமாம்.

சித்தப்பா: சொல்கிறவன் சோபாவில் இருக்கிறான்.

அத்தான்: 2017-ல் இன்னொரு பிரிட்டிஷ் வீரர் கெல் புரூக்கையும் இப்படித்தான் சொன்னார்கள். ஸ்பென்ஸோடு பதினோராவது ரவுண்டில் முழங்காலிட்டார். கண்குழி எலும்பு உடைந்திருந்தது. அதற்கு முந்தின வருடம்தான் கொலொவ்கின் அவருக்கு இன்னொரு கண்ணை உடைத்திருந்தார்.

அக்கா (லண்டன்): டுபுவாவுக்கும் அதேதான். இடது கண்குழி எலும்பு முறிவு என்று செய்தி வந்துவிட்டது. கண் வார்டில் நான் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன், குட்டி. அந்த எலும்பின் அடித்தளம் முட்டை ஓடு மாதிரி மெல்லியது. உடைந்த பிறகு இன்னும் நான்கு குத்து விழுந்திருந்தால் பார்வையே போகலாம்.

குட்டி: அது அவருக்கு அப்போது தெரியாதே, அக்கா. தெரியாமல்தானே உட்கார்ந்தார்.

பெரியப்பா: தெரியும்.

பெரியப்பா: எலும்பு என்று தெரியாது. ஏதோ தப்பு என்று தெரியும். எதிராளி இரண்டாகத் தெரிவான். இடது பக்கம் திரை போட்டது போல இருக்கும். குத்து கிளம்புவது தெரியாது, பட்ட பிறகுதான் தெரியும். 1983-ல் வெளியூரில் ஒரு போட்டி. இரண்டாவது ரவுண்டில் எனக்கு அப்படி ஆயிற்று. என் பயிற்சியாளர் உஸ்தாத், தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நன்றாகத் தெரிகிறது என்று பொய் சொன்னேன். மூன்றாவது ரவுண்டையும் போட்டேன். புள்ளியில் ஜெயித்தேன். கோப்பை ஹாலில் இருக்கிறது, குட்டி அதில்தான் சாவி போட்டு வைப்பான்.

அக்கா (லண்டன்): அப்பா?

பெரியப்பா: டாக்டரிடமும் நன்றாகத் தெரிகிறது என்றே சொன்னேன். யார் மேலும் தப்பு இல்லை. வலது கண்ணால் அட்டையைப் படித்துவிட்டு வந்தேன்.

அக்கா (லண்டன்): இப்போது எவ்வளவு தெரிகிறது?

பெரியப்பா: இடதில் வெளிச்சம் தெரியும். தூரம் தெரியாது. கத்தி பிடித்தால் கன்னத்தில் உரசும், கை தானே சொல்லிவிடும். எண்ணெய் அப்படி இல்லை. அகல் எங்கே இருக்கிறது என்று குத்துமதிப்பாகத்தான் ஊற்றுகிறேன்.

அத்தை: அண்ணா.

அத்தை: முப்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா: நீ திட்டினால்தான் கார்த்திகை மாதிரி இருக்கிறது.

அக்கா (லண்டன்): ஒரு வீடியோ கால் போடுகிறேன், எடுங்கள். இப்போதே.

பெரியப்பா: பாப்பா, இப்போது வேண்டாம், குட்டி ஓட்டின் மேல் இருக்கிறான். ஏணியைப் பிடிக்க வேண்டும்.

அத்தான்: மாமா, நீங்கள் ஏணியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். பத்து நிமிடத்தில் நான் வருகிறேன்.

குட்டி: மேலே இருந்து டைப் செய்கிறேன். குழாயில் இலை மட்டும் இல்லை, ஒரு டென்னிஸ் பந்தும் இருக்கிறது. பெரியப்பா, டுபுவா பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் மறுபடி மோதினால் டுபுவாதான்.

பெரியப்பா: கண் ஆறட்டும். 23 வயதுதானே. அப்போது நானும் யோசிப்பேன். வர்க்கி ஆறிவிட்டது, அதைச் சொல்லு.

சித்தப்பா: இங்கிருந்து வெலிங்டன் வருவதற்குள் எந்த வர்க்கியும் ஆறும், அண்ணா. அடுத்த பந்தயம் குன்னூர் பேக்கரி வர்க்கிக்குப் போடுங்கள்.

அத்தை: நான்கு மணிக்கு அங்கே வருகிறேன். பொரி உருண்டை கொண்டுவருகிறேன். அகல் 48, திரி போட்டாயிற்று. நான் வரிசையாக வைக்கிறேன். அண்ணா, எண்ணெயை நீங்களே ஊற்றுங்கள், திண்ணையை நான் துடைத்துக்கொள்கிறேன்.