கேமரா முதலா, கேட் முதலா?

கேள்வி (புதுவரவு):
எங்கள் பள்ளிக்கு நாலு கேட், இரண்டு மாடிக் கட்டடம். 16 கேமராவுக்கான பணம் இருக்கிறது. அதையே கேட், பூட்டு வேலைக்குத் திருப்பலாமா? இரண்டுக்கும் போதாது.

பூட்டுச்சாவி:
கேட்தான். கேமரா நடந்ததைக் காட்டும், வருகிறவரைத் தடுக்காது. வகுப்பு தொடங்கியதும் ஒரே கேட் வழியாகத்தான் ஆள் வர வேண்டும். அதற்காக மற்ற மூன்றுக்கும் சங்கிலி போட்டுப் பூட்டிவிடாதீர்கள், தீப்பிடித்தால் பிள்ளைகள் ஓடும் வழி அவை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பேனிக் பார் போடுங்கள். கம்பி கேட் என்றால் வெளியிலிருந்து கைவிட்டு பாரை அழுத்திவிடுவார்கள். அதைச் சுற்றித் தகடு அடைக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். பிறகு, யாராவது கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைப்பார்கள். 30 விநாடிக்கு மேல் திறந்திருந்தால் கத்தும் அலாரம் ஒன்று இருந்தால் அந்தப் பழக்கம் குறையும்.

வகுப்பறைக்கு வெறும் தாழ்ப்பாள் ஆகாது. மாணவன் உள்ளே தாழிட்டுக்கொண்டால் வெளியிலிருந்து திறக்க வழியில்லை. உள்ளிருந்து பூட்டவும், கைப்பிடியை ஒருமுறை திருப்பினால் திறக்கவும், வெளியே சாவியால் திறக்கவும் முடிகிற பூட்டாகப் பாருங்கள்.

மின்கம்பி:
மேக்னடிக் லாக் (மின்காந்தத்தால் கதவைப் பிடித்துவைக்கும் பூட்டு) வாங்குவதானால் ஒன்று: கரண்ட் போனால் அது திறந்துகொள்ளும். பழுதல்ல, அமைப்பே அப்படித்தான். 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் லாக்குக்கு 7 ஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 14 மணி நேரம் வரும். பழைய பேட்டரியில் பாதிகூடத் தேறாது. இரவுக்குச் சாதாரணப் பூட்டும் வேண்டும். தீ அலாரம் அடித்ததும் லாக்கின் மின்சாரம் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக நேரடியாகத் துண்டிக்கப்பட வேண்டும், மென்பொருளை நம்பி விடாதீர்கள்.

மிச்சப் பணத்தில் நாலு கேமரா போதும். முகத்தை அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் (படப்புள்ளி) வேண்டும். 1920 பிக்சல் அகலப் படத்தில் அப்படிப் பிடிபடும் இடம் சுமார் ஏழரை மீட்டர் அகலம்தான். மைதானம் முழுவதையும் ஒரே கேமராவில் பிடித்தால் ஆள் புள்ளியாகத் தெரிவார். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் நாளைக்கு 43 ஜிபி. நாலு கேமராவுக்கு 30 நாள் சேமிக்க 5.2 டிபி, பதினாறுக்கு 21 டிபி ஆகிவிடும்.

புதுவரவு:
மாலையில் நாலு கேட்டையும் திறக்க வேண்டியிருக்கிறதே?

பூட்டுச்சாவி:
வேண்டாம். சின்ன வகுப்புகளைப் பத்து நிமிடம் முன்னால் விட்டால் இரண்டு கேட் போதும். யார் எந்தப் பிள்ளையை அழைத்துப் போகலாம் என்ற பட்டியல் கேட்டில் நிற்பவர் கையில் தாளாக இருக்கட்டும். அலுவலகக் கணினியில் மட்டும் இருந்தால் அந்த நெரிசலில் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.